டேஞ்சரஸ் டேவ்: கணினி ஆய்வகத்தில் ஒளிந்திருந்த பாடம்

டேஞ்சரஸ் டேவ் என்பது அமெரிக்க நிரலாளர் ஜான் ரொமேரோ 1988-ஆம் ஆண்டு உருவாக்கிய கணினி விளையாட்டு. ஓடியும் தாவியும் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஏறிச் செல்லும் ‘பிளாட்ஃபார்ம்’ வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் உலகம் முழுவதும் அறியப்பட்டது 1985-இல் வந்த சூப்பர் மாரியோ. டேவுக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. ஆனாலும் 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் இந்தியப் பள்ளிகளில் கணினி படித்த பலருக்கு மாரியோவைவிட நெருக்கமானவன் டேவ்தான். அம்பத்தூரில் படித்த எனக்கும் அப்படியே.

விளையாட்டின் அமைப்பு

சிவப்புத் தொப்பி அணிந்த டேவ், கடற்கொள்ளையரின் பழைய மறைவிடம் ஒன்றுக்குள் நுழைகிறான். மொத்தம் பத்து நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒரு கோப்பை இருக்கும். அதை எடுத்தால்தான் வெளியேறும் கதவு திறக்கும். வழியில் வைரம், மோதிரம், கிரீடம் ஆகியவற்றைச் சேர்த்தால் மதிப்பெண் கூடும். தீயையோ நீரையோ தொட்டால் உயிர் போகும். பகைவர்கள் வரும் நிலைகளில் துப்பாக்கி கிடைக்கும். சில இடங்களில் பறப்பதற்கு ஜெட்பேக் உண்டு.

விதிகள் இவ்வளவே. அம்புக்குறி விசைகளைத் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் ஆடத் தொடங்கிவிடலாம். பத்தாம் நிலையை முடிக்கத்தான் பல வாரங்கள் ஆகும்.

பள்ளிக்கு வந்த வழி

டாஸ் இயங்குதளத்துக்கான டேவ் 100 கிலோபைட்டுக்கும் குறைவானது. 1.44 மெகாபைட் ஃப்ளாப்பி ஒன்றில் பத்துப் பிரதிகளுக்கு மேல் அடங்கும். வண்ண அட்டைகள், கணினியின் வேகம் ஆகியவற்றையும் அது பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆகவே அண்ணன், அக்காக்களின் ஃப்ளாப்பிகள் வழியே அது கைமாறிக் கைமாறிப் பரவியது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டது. என்னுடன் படித்தவர்களில் பலரின் பெற்றோர் அங்கே வேலை பார்த்தவர்கள். எங்கள் வீடுகளில் கணினி இல்லை. வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பதே எங்களுக்குக் கிடைத்தது. பாடத்துக்குரிய பேசிக் நிரலை அடித்து முடித்தவர்கள் ரகசியமாக டேவைத் திறப்பார்கள். பிடிபட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். விளையாட்டு வேறு, பாடம் வேறு என்பதே அன்றைய எண்ணம்.

உண்மையில் அது ஒரு பாடம்

ரொமேரோ டேவை முதலில் உருவாக்கியது ஆப்பிள் 2 கணினிக்காக. ‘அப்டைம்’ என்ற வட்டு இதழுக்கு அவர் ஒரு கட்டுரை எழுதினார். அந்நாளில் சில இதழ்கள் தாளில் அச்சிடப்படாமல் ஃப்ளாப்பியிலேயே வெளிவந்தன. அவையே வட்டு இதழ்கள். ஆப்பிள் கணினியின் பேசிக் மொழியோடு சேர்த்துப் பயன்படுத்த அவர் எழுதிய ‘கிராபேசிக்’ என்ற துணைநிரலைப் பற்றியது அக்கட்டுரை. அதற்கு எடுத்துக்காட்டாக அமைந்த விளையாட்டே டேவ்.

தொழிற்பேட்டைப் பட்டறையில் புதிதாகச் சேர்பவருக்கு மாதிரிப் பொருளோடு அதன் வரைபடத்தையும் கொடுப்பார்கள். டேவ் விஷயத்தில் மாதிரி மட்டும் நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. வரைபடமாகிய கட்டுரை வரவில்லை. அதனால் பேசிக் கற்பிக்க உதவியிருக்கக்கூடிய ஒன்றை, பேசிக் வகுப்பிலேயே தடை செய்தோம்.

திரையை நகர்த்தும் சிக்கல்

டேவை ஆடியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அவன் நடக்கும்போது பின்னணி கூடவே நகராது. திரையின் விளிம்பை நெருங்கியதும், ஆட்டம் ஒரு கணம் நின்று, காட்சி முழுவதும் ஒரே இழுப்பில் மாறும். நிண்டெண்டோ கருவியில் படத்தைச் சீராக நகர்த்துவதற்கான வன்பொருள் இருந்தது. அன்றைய கணினிகளில் முழுத் திரையையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்தால் வேகம் போதாது.

1990 செப்டம்பரில், ரொமேரோவுடன் சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கார்மாக் இதற்கு வழி கண்டார். மாறிய கட்டங்களை மட்டும் திரும்ப வரைவதே அவருடைய உத்தி. அதைக் காட்ட, அவரும் டாம் ஹாலும் சூப்பர் மாரியோ 3-இன் முதல் நிலையைக் கணினியில் அப்படியே அமைத்தனர். மாரியோவின் இடத்தில் டேவை ஓடவிட்டு, அந்த ஃப்ளாப்பியை ரொமேரோவின் மேசையில் வைத்தனர். அதே உத்தியில் அவ்வாண்டு டிசம்பரில் ‘கமாண்டர் கீன்’ வெளிவந்தது. 1991-இல் இவர்கள் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1993-இல் அங்கிருந்து ‘டூம்’ வந்தது.

மாணவர்கள் செய்து பார்க்க

டேவை இன்றும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். ஆடும்போது திரையைக் கவனியுங்கள். எல்லாமே 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்கள். திரையில் 20 நிரல்கள், 10 நிரைகள். சுவர், தீ, வைரம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, கட்டம்போட்ட தாளில் ஒரு திரையை எழுதிப் பாருங்கள். இருநூறு எண்கள் கொண்ட ஓர் அட்டவணை கிடைக்கும். நிரலாக்கத்தில் ‘இரு பரிமாண அணி’ என்று படிப்பது இதைத்தான்.

அந்த அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் தீ இருந்த இடத்தில் வைரம் வரும். எங்கள் வகுப்பில் இதை யாராவது சொல்லியிருந்தால், பத்தாம் நிலையோடு நாங்கள் நிறுத்தியிருக்க மாட்டோம். பதினோராம் நிலையை நாங்களே எழுதியிருப்போம்.