கிரேக்கத் தீவுக்குக் கப்பல் ஏறப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

நம்பினால் நம்புங்கள், கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான தீவுகளையும் குறுந்தீவுகளையும் எண்ணினால் சுமார் 6,000 தேறும்! அவற்றில் மனிதர் குடியிருப்பவை 227. விமான நிலையம் உள்ளவை அதிலும் சொற்பம். மற்ற தீவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காய்கறி, மருந்து, தபால், சிமெண்டு மூட்டை, கல்யாண வீட்டார் என எதுவானாலும் கப்பலில்தான் வந்து இறங்க வேண்டும். அந்தக் கப்பலில்தான் நீங்களும் ஏறப் போகிறீர்கள். டிக்கெட் எடுக்கும் முன் இந்த வியப்புகளை ஒரு தடவை படித்துவிடுங்கள். ரசித்தது போலவும் ஆயிற்று, திட்டம் போட்டது போலவும் ஆயிற்று!

13,000 ஆண்டுப் பழைய கடல்வழி, தெரியுமா?

கிரேக்கப் பெருநிலத்தின் தெற்கே ஃபிராங்க்தி என்றொரு குகை. அங்கே தோண்டியபோது கறுப்புக் கண்ணாடி போன்ற எரிமலைக் கல் துண்டுகள் கிடைத்தன. கத்தி முனை செய்ய அருமையான கல். சோதித்துப் பார்த்தால், அது பிறந்த இடம் மிலோஸ் தீவு! குகைக்கும் தீவுக்கும் நடுவே கடல். ஆக, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்பே யாரோ கடலைத் தாண்டிப் போய்க் கல்லை எடுத்து வந்திருக்கிறார்கள். உழவு இல்லாத காலம், பானை வனையாத காலம், ஆனால் தீவுப் பயணம் மட்டும் உண்டு! இன்று அதே மிலோஸுக்கு ஏதென்ஸிலிருந்து டெக்கில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே போகலாம். லூவர் அருங்காட்சியகத்தில் கை இல்லாமல் நிற்கிறாளே வீனஸ், அவள் 1820-இல் மண்ணிலிருந்து வெளிவந்ததும் இதே தீவில்தான்.

ஒரே துறைமுகம், பல வாயில்கள்!

ஏதென்ஸின் வாசல் பிரேயஸ் துறைமுகம். 2022 அக்டோபரிலிருந்து விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் பிரேயஸில் இறங்கலாம். ஒரு மணி நேரப் பயணம். அப்பாடா, வந்துவிட்டோம் என்று பெருமூச்சு விடாதீர்கள்! துறைமுகம் குதிரை லாட வடிவில் வளைந்து கிடக்கிறது. வாயில்களுக்கு ஈ-1, ஈ-2 என்று ஈ-12 வரை எண். ரோட்ஸ் பக்கம் போகும் கப்பல்கள் ஈ-1 பக்கம் நிற்கும். அது மெட்ரோ நிலையத்திலிருந்து வெகு தூரம். பெட்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் நடந்தால் நாக்கு தள்ளிவிடும். வளாகத்துக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது, அதைப் பிடியுங்கள். டிக்கெட்டில் வாயில் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது.

இன்னொரு ரகசியம்: ஏதென்ஸுக்கு பிரேயஸ் மட்டும்தான் துறைமுகம் என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ரோஸ், டினோஸ், மிக்கோனோஸ் போகிறவர்களுக்கு ராஃபினா துறைமுகம் இருக்கிறது. விமான நிலையத்துக்கு அது இன்னும் பக்கம். கேயா, கித்னோஸ் போக லாவ்ரியோ. போகும் தீவைப் பொறுத்துத் துறைமுகம்!

வரைபடத்தில் பக்கத்து வீடு, கப்பலில் வெளியூர்!

திட்டம் போடுகிறவர்கள் பலர் சறுக்கும் இடம் இதுதான். வரைபடத்தைப் பார்த்தால் தீவுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் கப்பல்கள் சரம் சரமாகத்தான் ஓடும். கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ் ஒரு சரம். சிரோஸ், பாரோஸ், நாக்சோஸ், சாண்டோரினி இன்னொரு சரம். ஆண்ட்ரோஸ், டினோஸ், மிக்கோனோஸ் மூன்றாவது. ஒரே சரத்துக்குள் தாவுவது சுலபம். சரம் விட்டுச் சரம் தாவ நினைத்தால், பல நேரம் பிரேயஸுக்கே திரும்பி வந்து மறு கப்பல் ஏற வேண்டிவரும். ஒரு வார விடுப்பா? ஒரு சரம், இரண்டு தீவு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் பார்ப்பது துறைமுகங்களை மட்டும்தான்!

சாண்டோரினிக்கு வேகக் கப்பலில் ஏறக்குறைய 5 மணி நேரம். வழக்கமான பெரிய கப்பலில் 8 மணி நேரம் வரை. வேகக் கப்பல் கட்டணம் கூடுதல், பலவற்றில் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும், அலையில் ஆட்டமும் அதிகம். பெரிய கப்பலில் திறந்த டெக் உண்டு, கால் நீட்டலாம், வழியில் வரும் ஒவ்வொரு தீவையும் இலவசமாகப் பார்க்கலாம்!

பின்பக்கமாக வந்து நிற்கும் பிரம்மாண்டம்!

நாக்சோஸ் துறையில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள், அசந்துபோவீர்கள். ஐந்தாறு மாடி உயரக் கப்பல் வருகிறது. துறைக்குச் சற்று முன்னே கடகடவென்று நங்கூரச் சங்கிலி இறங்குகிறது. கப்பல் நின்ற இடத்திலேயே திரும்பி, டவுன் பஸ் ரிவர்ஸ் எடுப்பது போலப் பின்பக்கமாகத் துறையை நோக்கி வருகிறது. கரையைத் தொடும் முன்பே பின்கதவு பாதி இறங்கியிருக்கும். உள்ளே லாரிகளுக்கும் கார்களுக்கும் நடுவே பயணிகள் பெட்டியும் கையுமாகத் தயாராக நிற்பார்கள். கதவு தரையைத் தட்டியதும் ஒரு பக்கம் இறங்கும் கூட்டம், மறுபக்கம் லாரிகள், எதிரே ஏறக் காத்திருக்கும் கூட்டம். வெள்ளைச் சீருடைக்காரர் விசில் ஊதி எல்லாரையும் விரட்டுகிறார். சில நிமிடங்களில் கதவு மேலே போய்விடும், கப்பலும் போய்விடும்!

ஆகையால் உங்கள் தீவின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டவுடன் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே பெட்டி வைக்கும் அடுக்குகளில் தீவுகளின் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். நாக்சோஸ் போகிறவர் பாரோஸ் அடுக்கில் பெட்டியை வைத்தால், பெட்டி ஒரு தீவு முன்னதாகவே பயணத்தை முடித்துக்கொள்ளலாம்!

அதே நாக்சோஸில் கப்பல் நுழையும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணை ஓட்டுங்கள். துறைமுகத்தை ஒட்டிய குன்றில் ஒற்றைப் பளிங்கு வாசல் நிற்கும். சுவர் இல்லை, கூரை இல்லை, வாசல் மட்டும்! கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயில் அது.

ஆடிக்காற்றுக்கும் ஏஜியன் கடலுக்கும் உறவு, தெரியுமா?

நம் ஊரில் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலிலும் வடக்கிலிருந்து ஒரு காற்று பிய்த்து உதறும். பெயர் மெல்டெமி. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மேகம் ஒரு துளி இருக்காது, ஆனால் கப்பல் ஓடாது! இரண்டுக்கும் என்ன உறவு என்கிறீர்களா? கோடையில் ஆசியாவின் மேல் உருவாகும் பருவமழைக் காலத் தாழ்வழுத்தம் மேற்கே துருக்கி வரை கை நீட்டுகிறது. பால்கன் பக்கம் அழுத்தம் அதிகம். இரண்டுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வுதான் மெல்டெமியைத் தள்ளிவிடுகிறது. நமக்கு மழை கொண்டுவரும் அதே ஏற்பாட்டின் மேற்குக் கோடி அது!

இந்தக் காற்று அரிஸ்டாட்டிலையும் யோசிக்க வைத்திருக்கிறது. மாசிடோனிய மன்னன் பிலிப், ஏதென்ஸ் கடற்படை வடக்கே வர முடியாத இந்தக் காற்றுக் காலத்தைப் பார்த்துத் தாக்குகிறான் என்று பேச்சாளர் டெமாஸ்தெனிஸ் புலம்பியிருக்கிறார். இன்றும் காற்று சுமார் 8 போஃபோர்ட்டை, அதாவது மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் பெரிய கப்பல்களையே நிறுத்திவிடுகிறார்கள். சிறிய, வேகக் கப்பல்களுக்கு அதற்கும் முன்பே தடை வந்துவிடும்.

தடை வந்தால் காசு? அது வரும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பயணம் ரத்தானாலோ புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு கப்பலில் போகலாம். கப்பல் நிறுவனத்தின் கோளாறு என்றால் இரவு தங்கும் செலவையும் ஓர் அளவு வரை அவர்கள் ஏற்க வேண்டும். ஆனால் காரணம் வானிலை என்றால் தங்கும் செலவு உங்கள் தலையில்! காற்றைத் தவிர இன்னொரு தடையும் உண்டு: வேலைநிறுத்தம். குறிப்பாக மே 1 அன்று கப்பல் ஏறத் திட்டம் போடாதீர்கள்.

புயலில் ஒதுங்கியவர்களுக்குக் கிடைத்த கணிப்பொறி!

கப்பல் தாமதமானால் கோபம் வருகிறதா? இதைக் கேளுங்கள். 1900-இல் சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பவர்கள் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். புயல் வந்தது. ஆண்டிகிதெரா என்ற குட்டித் தீவின் ஓரம் ஒதுங்கினார்கள். சும்மா இருப்பானேன் என்று ஒருவர் தண்ணீருக்குள் இறங்கினார். அலறியடித்துக்கொண்டு மேலே வந்தார். அடியில் மனிதப் பிணங்களும் குதிரைகளும் குவிந்து கிடக்கின்றன என்றார்! பார்த்தால் எல்லாம் சிலைகள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பலின் சரக்கு.

அந்தக் குவியலில் துருவேறிய ஒரு வெண்கலக் கட்டி. 1902-இல் அதில் பல்சக்கரம் ஒன்று கண்ணில் பட்டது. ஆராய்ந்தால், சூரியன், சந்திரன் போக்கையும் கிரகணங்களையும் கணக்கிட்டுச் சொல்லும் இயந்திரம்! எஞ்சியிருப்பவை மட்டுமே 30 சக்கரங்கள். ஏதென்ஸின் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் ரத்தாகி ஏதென்ஸில் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் நேரே அங்கே போய்விடுங்கள்.

பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது!

மிக்கோனோஸிலிருந்து அரை மணி நேரப் படகில் டெலோஸ். அப்பல்லோ பிறந்ததாகச் சொல்லப்படும் புனிதத் தீவு. கி.மு. 426-425 குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்துப் பக்கத்துத் தீவான ரெனியாவுக்கு மாற்றினார்கள். இனி இந்தத் தீவில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை என்று ஆணை! நிறைமாதக் கர்ப்பிணியா, சாகக் கிடக்கிறவரா, படகில் ஏற்றி ரெனியாவுக்கு! இன்றும் பயணிகள் இரவு தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு எப்போது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

முழங்காலில் ஏறும் தெரு!

ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு விழா. டினோஸ் தீவில் கப்பலை விட்டு இறங்கும் பக்தர்களில் பலர் துறையிலிருந்து மேட்டிலுள்ள கோயில் வரை முழங்காலிட்டே ஊர்ந்து போகிறார்கள். அவர்களுக்காகத் தெருவோரம் நீளக் கம்பளமே விரித்திருக்கிறது! 1823-இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த மாதா படம்தான் அங்கே மூலவர். 1940-இல் இதே திருநாளில், இதே துறையில் நின்ற கிரேக்கப் போர்க்கப்பல் எல்லியை இத்தாலிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. கிரேக்கம் அப்போது போரிலேயே இல்லை!

திட்டத்துக்கு இதில் என்ன சேதி? ஆகஸ்ட் நடுவாரத்தில் கிரேக்கர்கள் அத்தனை பேரும் சொந்தத் தீவுக்குக் கிளம்புவார்கள். அந்த வாரம்தான் போக வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். மே கடைசி, ஜூன், செப்டம்பர் மாதங்களில் கூட்டமும் குறைவு, காற்றும் சற்று அடங்கியிருக்கும்.

துருக்கிக்கு எட்டிப் பார்க்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்!

கஸ்டெல்லோரிசோ தீவிலிருந்து துருக்கிக் கரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான்! பிரேயஸிலிருந்து அதே தீவுக்குக் கப்பலில் கிட்டத்தட்ட ஒரு முழு நாள்! கோஸ், ரோட்ஸ் தீவுகளிலிருந்தும் துருக்கிக்குப் பகல் படகுகள் ஓடுகின்றன. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் கவனம்! ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் கிரேக்கம் உண்டு, துருக்கி இல்லை. ஒரே ஒரு நுழைவுக்கான விசாவில் வந்தவர் துருக்கிக்குப் போனால் திரும்பி வர முடியாது. பெட்டி தீவில், ஆள் துருக்கியில்! சில தீவுகளில் வந்திறங்கியதும் விசா தருகிறார்கள் என்று 2024-இல் செய்தி வந்ததே என்றால், அது துருக்கியருக்கு மட்டும்.

மூச்சு வாங்காமல் இன்னும் சில!

* ஹைட்ரா தீவில் காரும் இல்லை, பைக்கும் இல்லை. சுமை தூக்கக் கோவேறு கழுதைதான்! பாடகர் லியோனார்ட் கோஹன் 1960-இல் 1,500 டாலருக்கு அங்கே வீடு வாங்கினார்.
* நாக்சோஸிலிருந்து ஐராக்லியா, ஸ்கினூஸா, கூஃபொனீசியா, டொனூசா எனும் குட்டித் தீவுகளைத் தொட்டு அமோர்கோஸ் வரை ஓடும் எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிட்டிஸ், பெயருக்குத்தான் எக்ஸ்பிரஸ். ஆடி அசைந்து போகும் சின்னக் கப்பல். தீவுக்காரர்களுக்கு அதுதான் உயிர்நாடி!
* லாபம் வராத தொலைதூரத் தீவுகளுக்கும் கப்பல் போகிறதே, எப்படி? அரசு மானியம்!
* சாண்டோரினியில் நீங்கள் இறங்குவது எரிமலை வெடித்த பள்ளத்தின் ஓரம். துறைமுகமான அதினியோஸிலிருந்து மேலே பேருந்து உண்டு. படத்தில் பார்க்கும் 580-க்கு மேற்பட்ட படிகள் இருப்பது பழைய துறையில், உல்லாசக் கப்பல்காரர்களுக்கு!
* கப்பல் கேன்டீனில் கிடைக்கும் நுரைத்த குளிர்காபி ஃபிராப்பே பிறந்தது 1957-இல், தெசலோனிக்கி கண்காட்சியில். கூடவே கீரை அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று வாங்கிக்கொண்டால் காலைச் சாப்பாடு முடிந்தது.
* உலக வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிரேக்க முதலாளிகள் கையில்!

முதலில் எதைப் பதிவு செய்வது?

எல்லாரும் போகும் கப்பலில் தொடங்குவார்கள். நீங்கள் திரும்பும் விமானத்தில் தொடங்குங்கள். அதற்கு முந்தைய இரவுக்கு ஏதென்ஸில் ஓர் அறை போடுங்கள். பிறகு ஒரு சரத்தைத் தேர்ந்து, தொலைவிலுள்ள தீவுக்கு முதலில் போய், ஒவ்வொன்றாகப் பிரேயஸ் பக்கம் நெருங்கி வாருங்கள். காற்று ஒரு நாளைத் தின்றாலும் கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கும். காற்று வராவிட்டால் இருக்கவே இருக்கிறது, பிரேயஸிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஏஜினா. நவீன கிரேக்கத்தின் தொடக்க நாட்களில் சிறிது காலம் தலைநகராக இருந்த தீவு அது, தெரியுமா?