சந்தேகத்தோடும் நன்றி சொல்லலாம்

கடந்த ஆண்டு மார்ச் மாதம், உட்லண்ட்ஸ் செல்லும் ரயிலில் நின்றபடியே தேர்வு முடிவைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டின் இரண்டாம் பருவம் அது. கணக்கியல் பாடத்தில் நான் தேறவில்லை.

சுற்றியிருந்த யாரும் என்னைக் கவனிக்கவில்லை. இருந்தாலும், அந்தப் பெட்டியில் இருந்த அனைவருக்கும் செய்தி தெரிந்துவிட்டதைப் போல் கூனிக் குறுகி நின்றேன். இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டி மார்சிலிங் வரை போய்த் திரும்பினேன். அம்மா கேட்டபோது, “முடிவு இன்னும் வரவில்லை” என்று பொய் சொன்னேன்.

ஒரு பாடத்தில் தேறாமல் போவது உலகத்தின் முடிவு அல்ல. இதை இப்போது எழுதுவது எளிது. அன்று என் மனம் அதை ஒரு பாடத்தோடு நிறுத்தவில்லை. “நீ இந்தப் படிப்புக்கே லாயக்கில்லை” என்றது. தோழி ஒருத்தி என் குறுஞ்செய்திக்கு மாலைவரை பதில் போடவில்லை. “அவளும் உன்னைக் கழற்றிவிட்டாள்” என்றது. வகுப்பில் விரிவுரையாளர் என்னைக் கேள்வி கேட்காமல் விட்டால், “உன்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை” என்றது. இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா என்று ஒருமுறைகூட நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக், 1960களில் மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம் இதைக் கவனித்தார். நாம் அழைக்காமலேயே தலைக்குள் வந்து நிற்கும் இத்தகைய எண்ணங்களுக்குத் ‘தானியங்கி எண்ணங்கள்’ என்று அவர் பெயரிட்டார். எண்ணம் என்பது வேறு, உண்மை என்பது வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் அடிப்படை. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகும் குடும்பத்தில் பிறந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜெபம் மட்டும்தான். அதுவும் அந்த மாதங்களில் வரவில்லை.

வாய்விட்டுச் சொன்ன நாள்

எங்கள் இளையர் குழுவில் மாதத்துக்கு ஒருமுறை சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கடவுள் தங்களுக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். என் முறை வந்தபோது, “இந்த மாதம் சொல்வதற்கு எதுவும் இல்லை” என்றேன். கூட்டம் முடிந்ததும் ஒருவர் என்னிடம் வந்து, என் விசுவாசம் குறைந்துவிட்டதால்தான் இப்படி நடக்கிறது என்றார். நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால், தேர்வில் தோற்றவள் இப்போது கடவுளிடமும் தோற்றுவிட்டாள் என்றுதான் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு இரண்டு வாரம் தலைவலி என்று சொல்லித் தேவாலயத்துக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் பாட்டி என் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாட்டி திருநெல்வேலியில் பிறந்து, திருமணமாகி இங்கு வந்தவர். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஸ்தோத்திரம் சொல்பவர். அவரிடம் போய், “கடவுள் இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியவில்லை பாட்டி” என்று சொன்னேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

“இதை அவருகிட்ட சொன்னியா?” என்று கேட்டார்.

“இருக்காரான்னே தெரியலைங்கிறேன். அப்புறம் எப்படிச் சொல்றது?”

“தோமா மட்டும் என்ன செஞ்சாரு? காயத்தைப் பார்த்தாத்தான் நம்புவேன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னாருல்ல? இயேசு அவரை வெளியே போன்னு சொல்லலையே. வந்து காட்டினாரு. அந்தச் சந்தேகப்பட்ட ஆளுதாம்மா நம்ம மெட்ராஸ் வரைக்கும் வந்தாரு.”

புனித தோமா சென்னைக்கு வந்து பரங்கிமலையில் உயிர் நீத்தார் என்பது தமிழ்க் கிறிஸ்தவர்கள் காலங்காலமாகப் போற்றிவரும் மரபு. சிறுவயதிலிருந்து நான் கேட்ட கதைதான் அது. ஆனால், சந்தேகத்தை மறைக்காமல் வாய்விட்டுச் சொன்னவர் என்ற கோணத்தில் அவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்றிரவு வேதாகமத்தைப் புரட்டியபோது அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் கண்ணில் பட்டார்கள். 88ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் முடிவு வரை புலம்பல்தான், இருளில்தான் முடிகிறது. மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவரும் தகப்பன், தான் நம்புவதாகச் சொன்ன அதே மூச்சில், தன் அவநம்பிக்கை நீங்க உதவுமாறும் கெஞ்சுகிறார். அந்தப் பாதி நம்பிக்கையைக் காரணம் காட்டி இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை குணமடைகிறான்.

சந்தேகம் நம்பிக்கைக்கு எதிரி என்று நினைத்திருந்தேன். அதை மூடிமறைத்ததுதான் என்னைத் தனிமைப்படுத்தியது என்று அன்று புரிந்தது.

உறைக்குள் இருந்த ஐந்து வெள்ளி

மறுவாரம் தேவாலயத்துக்குப் போனேன். வணிகம் படிப்பதால், ஆராதனை முடிந்ததும் மூத்தவர்கள் இருவரோடு உட்கார்ந்து காணிக்கையை எண்ணி எழுதும் வேலை எனக்கு உண்டு. தமிழ்த் தேவாலயங்களுக்குப் போகிறவர்களுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை உறை தெரிந்திருக்கும். பிறந்தநாள், திருமணநாள், புது வீடு, தேர்வில் தேர்ச்சி என்று நன்றிக்குரிய காரணத்தை எழுதி, உள்ளே பணம் வைத்துக் கொடுப்பார்கள். ஆராதனையில் அவற்றை வாசிப்பதும் உண்டு.

அன்று வந்த உறைகளில் ஒன்றில் ஐந்து வெள்ளி இருந்தது. பெயர் இல்லை. நடுங்கும் கையெழுத்தில், டயாலிசிஸ் செய்துகொள்ளும் தம் கணவர் அந்த வாரம் இரண்டு இரவு நன்றாகத் தூங்கினார் என்று எழுதியிருந்தார் ஒரு பெண்மணி.

அதைப் பதிவேட்டில் எழுதாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தேன். நோய் குணமாகிவிட்டது என்று அவர் எழுதவில்லை. குணமாகும் என்றும் எழுதவில்லை. மற்ற ஐந்து இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று நாமே ஊகிக்கலாம். அவற்றை அவர் மறைக்கவும் இல்லை. இரண்டு இரவு என்று எண்ணிச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

நன்றியுணர்வு என்றால் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சிரித்துக்கொண்டே நடிப்பது என்று நான் நினைத்திருந்தேன். அதனால்தான் அது எனக்குப் பொய்யாகப் பட்டது. அந்த உறையில் பொய் எதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் எழுதினால்தான் கணக்கு

நான் தேறாத பாடத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லித்தந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இலாப நட்டக் கணக்கில் செலவும் இழப்பும் இடப்பக்கம், வருமானம் வலப்பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கடை நட்டத்தில் ஓடுகிறது என்று யாரும் சொல்லமுடியாது. நான் மாதக்கணக்காக இடப்பக்கத்தை மட்டுமே எழுதி, அதையே என் வாழ்க்கைக் கணக்கு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இது என் ஒருத்தியின் குறை அல்ல என்று பின்னர் தெரிந்துகொண்டேன். உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2001ல் வெளியிட்ட கட்டுரை, நல்ல அனுபவங்களைவிடக் கெட்ட அனுபவங்கள் நம் மனத்தில் வலுவாகப் பதிகின்றன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. ராபர்ட் எமன்ஸ், மைக்கல் மெக்கல்லோ இருவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவினர் பத்து வாரங்களுக்கு வாரந்தோறும் நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டனர். தொல்லைகளைப் பட்டியலிட்ட குழுவினரைவிட அவர்கள் தங்கள் வாழ்க்கையைக் குறித்துக் கூடுதல் மனநிறைவு தெரிவித்தனர்.

நான் ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து, நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் அன்று நடந்த கெட்டது; மழுப்பாமல் அப்படியே. வலப்பக்கம் அன்று எனக்குக் கிடைத்தது. யார் மூலம் கிடைத்தது என்ற விவரத்தோடு. “குடும்பத்துக்காக நன்றி” என்று பொதுவாக எழுதக்கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட விதி. இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு அதையே ஜெபமாகச் சொல்லிவிட்டுப் படுப்பேன். கேட்கிறாரா என்று தெரியாத இரவுகளிலும் சொன்னேன்.

முதல் சில வாரங்கள் இடப்பக்கம்தான் நீளமாக இருந்தது. வலப்பக்கத்தில், “உணவங்காடியில் 50 காசு குறைந்தது, மீ கோரெங் விற்கும் ஆண்ட்டி பரவாயில்லை என்றார்” என்பது போன்ற சின்னச் சின்ன வரிகள். மனம் ஒரேயடியாக லேசாகிவிடவில்லை. ஆனால், ஒரு மாதம் கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். வலப்பக்கத்தில் துணைப்பாட விரிவுரையாளர் ஒருவர் நான்கு முறை வந்திருந்தார். வகுப்பு முடிந்த பிறகும் பத்து நிமிடம் நின்று பதில் சொன்னார், மின்னஞ்சலுக்கு அன்றிரவே மறுமொழி அனுப்பினார் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். யாரும் என்னைக் கணக்கில் எடுப்பதில்லை என்று சொல்லிவந்த மனத்துக்கு என் கையெழுத்திலேயே மறுப்பு இருந்தது.

மறுநாள் அவரிடம் போய், இந்தப் பாடத்தில் எங்கே தொடங்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். மூன்று மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய உதவி அது. நன்றிப் பட்டியல் உதவி எங்கே இருக்கிறது என்றும் காட்டும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜெபமும் வேண்டும், ஆலோசகரும் வேண்டும்

அவர்தான் கல்லூரி ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். தூக்கமின்மை அப்போதும் தொடர்ந்தது. விசுவாசம் உள்ளவள் ஆலோசகரிடம் போகலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது.

எலியா தீர்க்கதரிசியின் கதை அந்தத் தயக்கத்தைப் போக்கியது. உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, இனி வாழ்ந்தது போதும் என்கிறார் அவர். அவருக்கு முதலில் கிடைத்தது போதனை அல்ல. தூக்கமும் சூடான அடையும் தண்ணீரும்தான். அதுவும் இரண்டு முறை. பேச்செல்லாம் பிறகுதான். உடலுக்கும் மனத்துக்கும் வேண்டியதைப் பெற்றுக்கொள்வது நம்பிக்கைக் குறைவு அல்ல என்று எடுத்துக்கொண்டேன். ஆலோசகரை ஆறு முறை பார்த்தேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னதும் அந்த நாள்களில்தான். அவர் கோபப்பட்டார், அழுதார், பிறகு சோறு போட்டார். அன்றைய பக்கத்தில் இந்த மூன்றையும் எழுதினேன்.

செப்டம்பரில் கணக்கியலை மறுபடி எழுதிய முடிவு வந்தது: ‘சி பிளஸ்’. அற்புதம் என்று யாரும் சாட்சி சொல்லமாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஓர் உறையில் ஐந்து வெள்ளி வைத்தேன். வகுப்பு முடிந்தும் நின்று பதில் சொன்னவருக்காக என்று எழுதினேன்.

என் சந்தேகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொன்னால் அது பொய். சில இரவுகளில் அந்தத் தகப்பனைப் போல் பாதி நம்பிக்கையோடுதான் கண்ணை மூடுகிறேன். மீதிப் பாதியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் என்பதுதான் மாற்றம்.

இதைப் படிக்கும் நீங்கள் வேறு சமயத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். எந்தச் சமயத்தையும் பின்பற்றாதவராகவும் இருக்கலாம். யாரிடம் நன்றி சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால், தேர்வு முடிவோ ஒரு தோழியின் மௌனமோ உங்களை உலுக்கும் இரவில், முடிவுக்கு வருமுன் ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கத்தையும் எழுதிப் பாருங்கள். வலப்பக்கத்தில் வரும் பெயர்களில் ஒருவரிடமாவது மறுநாள் பேசுங்கள். எழுதக்கூட முடியாத அளவுக்குப் பாரமாக இருந்தால் காத்திருக்கவேண்டாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும், சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

பாட்டிக்கு இப்போது கண்பார்வை மங்கிவருகிறது. இரவில் என் குறிப்பேட்டை வாசித்துக் காட்டச் சொல்கிறார். நேற்று அவர் சொல்ல, நான் எழுதினேன். இடப்பக்கம்: “வேதாகம எழுத்து தெரியவில்லை.” வலப்பக்கம்: “பேத்தி வாசிக்கிறாள்.”