டெஸ்க்கில் ஒட்டிய நம்பர் ஏன் நிற்பதில்லை?

போன நவம்பர் செமஸ்டர், மேத்ஸ் பேப்பர். ராத்திரி முழுக்க மழை. காலையில் ஹாலுக்குள் நுழைந்தால், பாதி டெஸ்க்கில் ரிஜிஸ்டர் நம்பர் ஸ்லிப் இல்லை. எல்லாம் தரையில் கிடக்கு. "மக்கா, என் இடம் எது?" என்று ஒருத்தன் முழிக்க, சார் சீட்டிங் பிளானைப் பார்த்து ஒவ்வொருவராக உட்கார வைத்தார். பத்து நிமிடம் போச்சு. கடைசிக் கேள்வியை நான் பாதியில் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் (படிக்காததும்தான், மறைக்கல).

எல்லோரும் பசையைத்தான் திட்டினோம். பசை பாவம், முக்கால்வாசித் தப்பு அதனுடையது இல்லை.

நாகர்கோவிலுக்கு ரெண்டு மழை: ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. கடலும் பக்கம். நவம்பர் பரீட்சை சரியாக ஈரத்துக்குள் வந்து விழுகிறது. காகிதம் செல்லுலோஸ் நார். காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், அதுவும் நாரின் குறுக்குவாக்கில் அதிகமாக. ஒட்டியிருக்கும் காகிதம் அப்படி விரிந்தால் ஓரம் நெளிந்து எழும்பும். எழும்பின ஓரத்துக்குள் தூசி போகும். அப்புறம் ஃபேன் காற்றே போதும். கம் பாட்டில் பசையோ தண்ணீரில் கரையும் சரக்கு, ஈரத்தில் மறுபடி இளகிவிடும். மைதா பசையும் அப்படித்தான். போஸ்டர் ஒட்டுகிற அண்ணன்மார் அதில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்காக, மழைக்காக இல்லை.

"அப்போ ஸ்டிக்கர் வாங்கிடலாமே?" வாங்கலாம். 1935-லேயே அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி தானே ஒட்டும் லேபிளைக் கொண்டுவந்துவிட்டார். அதன் பசை காய்ந்து ஒட்டுவதில்லை. அது மிகமிகக் கெட்டியான திரவம் மாதிரி. அழுத்தினால் மெதுவாகப் பரவி, பரப்பின் நுண்ணிய பள்ளங்களில் இறங்கும். நம்ம கீரிப்பாறைப் பக்கம் வடிக்கிற ரப்பரோடு பிசின் சேர்த்தும் இந்தப் பசை செய்யலாம். இப்போது லேபிள்களில் அக்ரிலிக் அதிகம்.

எதுவானாலும் அது டெஸ்க்கைத் தொட்டாகணும். நம்ம டெஸ்க் மேல் என்ன இருக்கு? கை வியர்வை, தலை சாய்த்துத் தூங்கினவனின் தேங்காய் எண்ணெய், அதுக்கும் மேலே மெல்லிய ஈரப்படலம். ஸ்டிக்கர் அந்த அழுக்கில்தான் ஒட்டுகிறது, சன்மைக்காவில் இல்லை. அழுக்கு வழுக்கினால் நம்பரும் கூடவே போகும்.

அதனால் முதல் வேலை துடைப்பது. ஈரத்துணி வேண்டாம். இசிஇ லேபில் போர்டு கழுவ வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, முழுசாக உலர விடணும். மிச்சமிருக்கிற சானிடைசரை எடுக்காதீங்க. அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், காய்ந்த பிறகும் படலமாக நிற்கும்.

காகித லேபிளை விட பிளாஸ்டிக் லேபிள் நல்லது, ஈரத்துக்கு அது உப்பாது. மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் நகத்தால் சுரண்டுகிறவர்களுக்குப் பிடி கிடைக்காது. ஸ்கேல் ஓரத்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தித் தேய்க்கணும். பசை பரவ நேரம் எடுக்கும் என்பதால் பரீட்சைக் காலையில் அவசரமாக ஒட்டுவது வேஸ்ட். முந்தின நாளே ஒட்டணும், மழை விட்ட மத்தியானம் என்றால் இன்னும் நல்லது.

காகித ஸ்லிப்தான் கிடைக்குமென்றால், ரெண்டு ஓரம் மட்டும் செல்லோ டேப் போடாமல் நாலு பக்கமும் மூடி ஒட்டுங்க. பரீட்சை முடிந்து உரிக்கும்போது பிசுபிசுப்பு நின்றால் தேங்காய் எண்ணெய் தடவினால் வந்துவிடும். ஆனா அந்த எண்ணெயைச் சோப்புத் தண்ணி போட்டுக் கழுவிடுங்க, இல்லேன்னா அடுத்த செமஸ்டர் ஸ்லிப்பும் தரையில்தான்.