வேட்டுக்குழலும் நெசவாளியின் கையும்

தவணை தவறியோர் பட்டியலில் எண்களே இருக்கும், காரணங்கள் இரா. சென்ற ஆண்டு ஒரகடம் சாலைக்கு அண்மையிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குகளைப் பார்வையிட்டபொழுது, பல ஆண்டுகளாக ஒரு தவணையும் தவறாத ஓர் அங்கத்தினரின் பெயர் அப்பட்டியலில் இருக்கக் கண்டு வியப்புற்றோம். காரியதரிசி எம்மை அவருடைய வீட்டிற்கே அழைத்துச் சென்றார். தறி துணி போர்த்திக் கிடந்தது. அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

ஆடித் திருவிழாவில் அம்மன் புறப்பாட்டின்போது வேட்டு போடுவது அவ்வூர் வழக்கம். கோயிலுக்குச் சொந்தமான பழைய இரும்புக் குழல் ஒன்று உண்டு. அதில் கருமருந்தை இட்டு, மேலே தறிக்கூடத்துப் பருத்தி நூற்கழிவைத் திணித்துக் கெட்டித்து வெடித்திருக்கிறார்கள். முதல் வேட்டு முழங்கியது. இரண்டாம் வேட்டுக்கு அவர் உடனே மருந்தைக் கொட்டினார். தீ வைக்கு முன்னரே அது வெடித்தது. ஊரார் இதனை விதி என்றனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. காரணம் அவர் தொழிலிலேயே இருந்தது.

பட்டா பருத்தியா என்று ஐயம் எழுந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பது நம் நெசவாளர் யாவரும் அறிந்த சோதனை. பருத்தி இழை சுடர் அணைந்த பின்னும் கனன்றுகொண்டே போகும். பட்டும் கம்பளியும் அவ்வாறு கனலா. சுருங்கிக் கருகி, தீயை எடுத்தவுடன் அணைந்துவிடும். குழலின் அடியில் தங்கிய நூற்கழிவின் கனலே அன்று இரண்டாம் மருந்தைப் பற்றவைத்தது.

பீரங்கிப் படையினர் இதனைப் பன்னெடுங் காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். பீரங்கி மருந்தைக் கம்பளித் துணிப் பையில் கட்டினர். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில் பெரும் பீரங்கிகளின் மருந்துப் பைகளைப் பட்டுக் கழிவு நூலால் நெய்த துணியில் தைத்தனர். காஞ்சியில் மணப்பெண் உடுத்தும் அதே பட்டு, அங்கே கனல் தங்காத குணத்திற்காக வேண்டப்பட்டது. உழவர்க்கும் இதில் பங்கு உண்டு. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது. அதற்குரிய மென்மையான கரியை நம் நாட்டில் துவரை மிளாரிலிருந்தும் எடுத்தனர்.

ஒரு சிறு பீரங்கி தவறாமல் வெடிப்பதற்கு அக்காலத்தார் கைக்கொண்ட ஒழுங்கு கருதத்தக்கது. ஒரு முறை சுட்டதும், திருகு முனைக் கோலால் குழலினுள் எஞ்சிய துணித் துண்டுகளை வெளியே இழுப்பர். பின்பு, நீரில் நனைத்த ஆட்டுத்தோல் தலைக் கோலை உள்ளே செலுத்திக் கனலை அணைப்பர். அவ்வேளையில் ஒருவர், தோலுறை அணிந்த கட்டை விரலால் பின்புறத் தீத்துளையை அழுத்தி மூடிக்கொண்டிருப்பார்; காற்று நுழைந்தால் கனல் மீண்டும் உயிர்பெறும் அல்லவா? அதன் பிறகே மருந்துப் பை உள்ளே செல்லும். தீத்துளையில் புகை அடைத்திருந்தாலும், மருந்தில் ஈரம் ஏறியிருந்தாலும் வேட்டு பொய்க்கும். பொய்த்தால் எவரும் குழலின் வாய்ப்புறம் செல்வதில்லை. நெடுநேரம் காத்திருந்து, நீர் விட்டு நனைத்த பின்பே தொடுவர். ஒவ்வொருவர்க்கும் ஒரு வேலை, ஓர் இடம். அவசரத்திற்கு அங்கே இடமில்லை.

ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வட்டாரத்துப் புள்ளலூரே சாட்சி. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் கர்னல் பெயிலியின் கம்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் அங்கே சூழ்ந்து தாக்கினர். கம்பெனியாரின் மருந்து வண்டிகள் போர்க்களத்தின் நடுவே வெடித்துச் சிதறின. அதன் பின் அவர்களுடைய பீரங்கிகள் இருந்தும் பயனில்லை. பெயிலி சிறைப்பட்டு, 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். காஞ்சிபுரத்தில் காத்திருந்த மன்ரோ, தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். மருந்து வண்டி வெடிக்கும் அக்காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக இன்றும் காணலாம்.

அது பழங்கதை என்று ஒதுக்க வேண்டா. 2023 மார்ச் மாதத்தில் காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் பட்டாசுத் தொழிற்கூடம் வெடித்துப் பலர் மாண்டனர். உரிமம் பெற்ற இடத்திலும் விபத்து நேரும் பொருள் இது. உரிமமின்றிக் கருமருந்து செய்வதையும் சேர்த்து வைப்பதையும் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தடை செய்கிறது. ஊர்ப் பொதுக்காரியம் என்பதால் சட்டம் விலகி நிற்காது; கருமருந்தும் விலகி நிற்காது.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் இளைஞரைக் கேட்டுப் பாருங்கள். பழுது பார்க்க இயந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டுவது முறை என்பார்கள். நனைந்த கோலும் மூடிய துளையும் அதே அறிவின் பழைய வடிவங்களே. பகலில் ஆலையில் இம்முறையைப் பேணும் இளைஞன், இரவில் திருவிழாவில் அதனை மறக்கலாமா?

அச்சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி, அந்த அங்கத்தினரின் தவணைக் காலத்தை நீட்டித் தீர்மானித்தது. இப்போது அவருடைய மனைவியார் தறியில் அமர்கிறார். அவர் பாவுக்கு இழை பிணைக்கப் பழகி வருகிறார். மூன்று விரல்களால் அது எளிதன்று. நாம் விடைபெறும்போது, "ஒரு குவளைத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது ஐயா. ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை" என்றார்.

அங்கத்தினர்களே! சாமிக்கு வேட்டு வேண்டுமெனில் உரிமம் பெற்ற, பயின்ற கைகளிடம் ஒப்படையுங்கள். கோயில் குழல் பழையதாயின் அதற்கு ஓய்வு கொடுங்கள். இந்த ஆடிக்கு முன்னர் கூடும் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு முறை படித்துக் காட்டுங்கள். நெசவாளிக்குக் கையே மூலதனம். அதற்குக் கடன் கொடுக்க எந்தச் சங்கத்தாலும் இயலாது.