இரத்தநாள நோய் ஆய்வு: இளம் அறிவியலாளர்களுக்குப் பல்துறைப் பயிற்சி ஏன்?

கடம்பூர், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தில் வேலை செய்வோரின் பாதத்தில் முள் தைப்பது வழக்கமான நிகழ்வாகும். நீரிழிவு உள்ளவருக்கு அதே முள் பெருந்துன்பமாக முடியலாம். நரம்பு உணர்விழந்திருந்தால் வலி தெரியாது. காலுக்குச் செல்லும் தமனி குறுகியிருந்தால் புண் ஆறாது. இரண்டும் சேரும்போது விரலையோ காலையோ இழக்க நேரிடுகிறது.

எண் ஏமாற்றும் இடம்

காலுக்குப் போதிய இரத்தம் செல்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கணுக்காலிலும் மேற்கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, முன்னதைப் பின்னதால் வகுப்பர். விடை 0.9 அல்லது அதற்குக் குறைவாக இருப்பின், கால் தமனியில் அடைப்பு இருப்பதாகக் கொள்ளப்படும்.

ஆனால் நெடுநாள் நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, நாளம் இறுகிவிடுவதுண்டு. பட்டையில் எவ்வளவு காற்றடைத்தாலும் அது எளிதில் அமுங்காது. இதனால் அடைப்புள்ள காலிலும் விடை இயல்பானதாகவோ 1.4-க்கு மேற்பட்டதாகவோ வரலாம். கருவி பழுதின்றி இயங்கியிருக்கும்; கணக்கும் சரியாகவே இருக்கும். நோயாளிக்கு மட்டும் தவறான நம்பிக்கை கிடைக்கும். இத்தகையோருக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் அளப்பது கூடுதல் தெளிவு தரும்.

கருவியை மட்டும் கற்ற பொறியாளர் இந்தப் பிழையைக் காண்பது கடினம். நோயை மட்டும் கற்ற மருத்துவர் இதனை அறிவார்; எனினும் இறுகிய நாளத்தையும் சரியாக அளக்கும் கருவியை அவரால் தனியே உருவாக்க இயலாது. பல்துறைப் பயிற்சி இந்த இடைவெளியை நிரப்புவதற்கே தேவைப்படுகிறது.

பயிற்சி நடைபெறும் விதம்

சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து மருத்துவமனைப் பொறியியலில் முதுநிலைப் படிப்பை நடத்தி வருகின்றன. பொறியியல் பட்டதாரிகள் இதில் மருத்துவமனைச் சூழலிலும் பயில்கின்றனர். நோயாளியின் அருகில் நின்று கற்பதை வகுப்பறைப் பாடத்தால் ஈடுசெய்ய முடியாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘ஆர்ட்சென்ஸ்’ என்னும் கருவி இத்தகைய கூட்டுழைப்பிற்குச் சான்றாகும். கழுத்துத் தமனி எவ்வளவு விறைத்துள்ளது என்பதை இது மீயொலியால் அளக்கிறது. இதயம் ஒருமுறை துடிக்கையில் அத்தமனியின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மாறும். நோயாளி மூச்சு விடுவதாலும் கருவியைப் பிடித்திருக்கும் கை அசைவதாலும் அந்தச் சிறு மாற்றம் மறைந்துவிடக்கூடும். ஆகவே இதனை வடிவமைப்போர் மின்னணுவியலுடன் உடலியக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். படம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லாத முறை என்பதால், மீயொலிப்பட வல்லுநர் இல்லாத ஊர்களுக்கு இவ்வகைக் கருவிகள் மிகவும் பொருத்தமானவை.

ஆய்வில் பங்கேற்க அழைத்தால்

ஆய்வின் நோக்கம், நேரக்கூடிய இடர், செலவிடவேண்டிய நேரம் ஆகியவற்றைத் தங்களுக்குப் புரியும் தமிழில் விளக்குமாறு கேளுங்கள். புரிந்த பின்னரே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடவும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, தாங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. எழுதப் படிக்க இயலாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும்.

ஆய்வுக் கருவி காட்டும் எண்ணை நோய் நிர்ணயமாகக் கருதி மாத்திரைகளை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அந்த எண் இயல்பாக இருந்தாலும், நடக்கையில் கெண்டைக்கால் வலித்து நின்றவுடன் தணிவது, பாதம் குளிர்ந்திருப்பது, புண் ஆறாதிருப்பது போன்றவை தோன்றினால் மருத்துவரிடம் காட்டவும். விரல் கறுத்தாலோ, கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறிக் கடுமையாக வலித்தாலோ காத்திராமல் 108-ஐ அழைக்கவும். பிற மருத்துவ ஆலோசனைகளுக்கு 104-ஐ அழைக்கலாம்.