காப்புறுதியும் அவசர சிகிச்சையும்

ஐக்கிய அமெரிக்காவிலே காப்புறுதியற்ற வறியோரே சிறு நோய்களுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவை நாடி நெருக்கடி விளைவிக்கின்றனர் என்பர் பலர். பணமில்லாதாரையும் அப்பிரிவு பரிசோதியாது திருப்பியனுப்பலாகாதென 1986ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தமையை அவர் காரணங் காட்டுவர். ஆயின் அச்சட்டம் கட்டணத்தை நீக்கவில்லை. கடனுக்கு அஞ்சி வாராதிருப்போரும் உளர்.

ஒறிகன் மாநிலம் 2008இல் குலுக்கல் முறையால் வறியோர் சிலரைத் தெரிந்து அரசாங்கக் காப்புறுதி பெற வழிசெய்தது. அதனைப் பெற்றோர் அப்பிரிவை நாடுதல் குறையவில்லை. ஏறத்தாழ 40 வீதம் கூடிற்று என 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

மேலும், நெஞ்சுவலி வாயுவாலோ மாரடைப்பாலோ என நோயாளி அறிவதெங்ஙனம்? பரிசோதித்த பின்னரன்றோ 'அவசரமன்று' எனல் கூடும்! ஆதலின் வறியோரைப் பழித்தல் நீதியன்று. மாலையிலும் விடுமுறையிலும் வைத்தியரை எளிதிற் காண வழிசெய்தலே தக்கது.