ஒளிவாள் மூன்றடியில் நிற்பது எங்ஙனம்?

1974ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த எச்.எஸ். முகுந்தா முதலிய ஐவர், 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலைக் கையிலெடுத்து, அதில் வருணிக்கப்பட்ட விமானங்கள் மெய்யாகவே பறக்கவல்லனவா என்று நியூட்டனின் விதிகளைக் கொண்டு பரிசீலித்தார்கள். ஆனேக்கலில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி 1918 முதல் 1923 வரை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்த அந்நூலைப் பரத்வாஜ மகரிஷியின் வாக்கென்றே பலர் கொண்டாடினர். பெங்களூர்ப் பொறியியற் கல்லூரி ஒன்றில் வரைவாளராயிருந்த எல்லப்பா அதற்குச் சித்திரங்களும் வரைந்து கொடுத்திருந்தார். ஐவரோ, நூலின் காலம் 1904க்கு முற்பட்டதாகாது என்றும், அவ்விமானங்களின் உந்துமுறை பறப்பதற்குத் துணை புரியாமல் தடையே செய்யும் என்றும் தீர்ப்பளித்தனர். தீர்ப்பு கடுமையானதே, ஆயினும், ஒரு கற்பனைப் பொருளை எள்ளி நகையாடி ஒதுக்காமல், உன் எடை என்ன, உன் விசை எங்கிருந்து வருகிறது என்று அதனிடம் பொறுமையாக வினவிய முறை என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது.

அதே வினாக்களை, 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் ஒளிவாளிடம் கேட்டுப் பார்ப்போம். பிடியினின்று புறப்படும் ஒளி ஏறத்தாழ மூன்றடி சென்றதும் நின்றுவிடுகிறது. இரு வாள்கள் மோதினால் இரும்பும் இரும்பும் போலத் தடுத்துக்கொள்கின்றன. பௌதிக சாஸ்திரம் இவ்விரண்டையும் ஒப்பாது: ஒளி தடையுறாதவரை போய்க்கொண்டே இருக்கும், ஒளியை ஒளி ஊடுருவிச் செல்லும். 2013இல் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பௌதிகர்கள் மிகக் குளிர்ந்த ருபீடிய அணுக்களினூடே செலுத்திய போட்டான்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சென்றதைக் கண்டபோது பத்திரிகைகள் ஒளிவாளை நினைவுகூர்ந்தன என்பது வாஸ்தவமே. ஆனால் இரண்டு போட்டான்களின் கூட்டைக் கொண்டு ஒரு நூலிழையைக்கூட அறுத்துவிட முடியாது.

பௌதிகம் கைவிட்ட இவ்வாளை நம் இதிகாசங்களின் அஸ்திர நியதியிடம் ஒப்படைத்தால் என்ன? எரிபொருள் பற்றிய கேள்வி உடனே மறைகிறது. அசுவத்தாமனுக்கும், காகாசுரனை விரட்டிய இராமனுக்கும் அஸ்திரமாக்க ஒரு புல்லே போதுமானதாக இருந்தது. மோதலும் அங்கே புதிதன்று. தீயின் அஸ்திரமான ஆக்னேயத்தை நீரின் அஸ்திரமான வாருணம் தடுத்தே தீரும். நீளத்துக்குத்தான் அந்நியதி மிக அழகான விடையை வைத்திருக்கிறது. விசுவாமித்திரரிடம் அஸ்திரங்களைப் பெற்ற இராமன், அடுத்து வேண்டியது அவற்றை மீட்கும் உபசம்ஹாரத்தையே. ஏவுவது பாதி வித்தை, திருப்பியழைப்பதே மறுபாதி. அப்படியாயின் ஒளிவாள் என்பது, கணந்தோறும் பிரயோகிக்கப்பட்டு, மூன்றடி சென்றதும் கணந்தோறும் மீட்கப்படுகின்ற ஓர் அஸ்திரம் என்று கொள்ளலாம். அதன் நுனி, ஏந்தியவனின் சித்தம் அதை இழுத்து நிறுத்துகின்ற இடம்.

இவ்விளக்கத்துக்கு விலை ஒன்று உண்டு. மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தில் அர்ச்சுனனும் அசுவத்தாமனும் ஒரே துரோணரிடம் கற்ற பிரம்மசிரம் என்னும் அஸ்திரத்தை ஏவுகிறார்கள். நாரதரும் வியாசரும் இடையே வந்து நின்றபோது, விரதம் காத்த அர்ச்சுனனால் அதை மீட்க முடிகிறது, மற்றவனால் முடியவில்லை. ஆகையால் அசுவத்தாமன் கையில் ஒளிவாளின் நீளத்துக்கு எல்லையே இராது. விஞ்ஞானக் கழகத்து வாயிலில் நின்று அவன் அதைத் தெற்கு நோக்கி ஏற்றினானாகில், மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தை அறுத்துக்கொண்டு, அதற்கப்பாலும் போய்க்கொண்டேயிருக்கும்.

நியதி திரைக்கதையோடு முரண்படும் இடமும் ஒன்றிருக்கிறது. 1980இல் வந்த இரண்டாம் படத்தில், எவ்விதப் பயிற்சியும் தீட்சையும் இல்லாத ஹான் சோலோ, பனிவெளியில் நண்பனின் ஒளிவாளை எடுத்து, இறந்த விலங்கின் வயிற்றைக் கீறுகிறான். பின்பு எளிதாக அணைத்தும் விடுகிறான். தகுதியற்றவன் அந்த அஸ்திரத்தை ஏவிவிட்டு மீட்க முயன்றால் அது அவன் சிரத்தையே கொய்துவிடும் என்று அர்ச்சுனனைப் பற்றிப் பேசும் அதே பர்வம் சொல்கிறது. ஆகவே நம் நியதிப்படி அப்படத்தின் மிகுதிக் கதையை ஹான் சோலோ இல்லாமலேதான் நடத்தியாக வேண்டும்.